ஒற்றை மூட்டை

கால்வெஸ்டன். ஜனவரி இரண்டாம் வாரம்.
கடல் பார்த்த அறைக்கும்
கார் நிறுத்தம் பார்த்த அறைக்கும்
இன்றைக்கு ஒரே விலை.
எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று
சாவி அட்டைகளைச் சீட்டுக்கட்டாய் விரித்தாள் டார்லீன்.
நான்காம் மாடியில் நான் மட்டும்.
நடைக்கோடியில் ஐஸ் இயந்திரம்
இரவெல்லாம் எனக்கென்றே
கட்டிகளைக் கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கட்டில் அறை.
தாட்சாயிணி வருவதாக இருந்தது.
கடைசி நாளில், ஆபீஸில் விடவில்லை என்றாள்.
அவள் ஆபீஸை எனக்குத் தெரியும்.
சரி என்றேன்.

வராதவள் கட்டிலில்
என் குளிர்காலக் கோட்டைப் படுக்கவைத்தேன்.
மினியாபொலிஸின் மைனஸ் பதினைந்தில்
விமான நிலையம்வரை என்னைத் தூக்கிவந்த கோட்டு.
இங்கே அதற்கு வேலையில்லை.
கைகளை விரித்து மல்லாந்து கிடக்கிறது,
லீவு போட்டு வந்தது நானில்லை,
அதுதான் என்பதுபோல.

காலையில் அரைக்கைச் சட்டையோடு கடற்சுவர்மேல் நடந்தேன்.
எதிரே வந்த எல்லோருக்கும் கம்பளித் தொப்பி.
ஒரு நாய்க்கு ஸ்வெட்டர்.
தூண்டில் போட்டிருந்த மனிதர்
முழங்கைவரை என்னைப் பார்த்துவிட்டு,
"குளிரலையா?" என்றார்.
அறுபத்திரண்டு டிகிரி.
எங்கள் பக்கம் இந்த வெயிலுக்கு
சட்டையைக் கழற்றிப் புல்வெளியில் உருளுவார்கள்
என்று சொல்ல வந்து,
"பழகிடுச்சு" என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.

கடல் நீலமில்லை.
ஆறிப்போன டீயின் நிறம்.
நீலமெல்லாம் அஞ்சலட்டையில் இருக்கிறது,
மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
கடற்காகங்கள் கோடைக்கால கறுப்புத் தலையை உதிர்த்துவிட்டு
வேறு யாரோபோல் நிற்கின்றன.
சிரிப்பை மட்டும் உதிர்க்கவில்லை.

பழைய தெருவில் ஒரு கடைச் சுவரில்
பித்தளைப் பட்டை:
புயலன்று தண்ணீர் இதுவரை.
என் தலைக்குமேல் இரண்டு சாண்.
எட்டித் தொட்டேன்.
வெயில் ஏறி வெதுவெதுப்பாக இருந்தது.
உள்ளே அதே உயரத்து அலமாரியில்
ஜாடி ஜாடியாய் மிட்டாய்.
உப்புத்தண்ணீர் டாஃபி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
அரை பவுண்டு வாங்கினேன்.
உப்பே இல்லை.

மாலையில்
கடலுக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் வாயிலில் சங்கிலி.
டிக்கெட் ஜன்னல்களில் பலகை.
உள்ளே ராட்டினம் மட்டும்
சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
தொட்டிலுக்கு இரண்டாய் மணல்மூட்டைகள்,
தோளோடு தோள்,
இடுப்புக்குக் குறுக்கே கம்பி போட்டு
மேலே போய்
கடலைப் பார்த்துவிட்டு
இறங்கி வந்தன.

"வருஷா வருஷம் சோதனை.
ஒரு மூட்டை, ஒரு ஆள்" என்றான்
சங்கிலிக்கு அந்தப் பக்கம் எமிலியோ.
சட்டைப்பையில் பெயர் தைத்திருந்தது.
மார்ச்சில் வரச் சொன்னான்,
அதற்குள் மூட்டைகளை இறக்கிவிடுவார்களாம்.

ஒரு தொட்டிலில் மட்டும் ஒற்றை மூட்டை.
ஒருபக்கம் சாய்ந்தபடியே ஏறி
உச்சியில் லேசாய் ஆடி
சாய்ந்தபடியே இறங்கியது.
"அது ஏன்?"
"சில பேர் தனியா வருவாங்கல்ல.
அதையும் தாங்கணும்."

படமெடுத்து தாட்சாயிணிக்கு அனுப்பினேன்.
உடனே பதில்:
"இதுல நீ எந்தத் தொட்டில்?"
மூன்று புள்ளிகள் எழும்பி அடங்கின.
பிறகு ஒன்றும் வரவில்லை.
நானும் எழுதவில்லை.
டாஃபி பல்லில் ஒட்டியிருந்தது,
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும்.

சங்கிலிக்கு மேலால் எமிலியோவுக்கு இரண்டு கொடுத்தேன்.
அறைக்கு வந்து
மீதியைக் கோட்டுப்பையில் போட்டேன்.
வியாழக்கிழமை இரவு பனிக்கு அவை கல்லாகிவிடும்.
பஸ் நிறுத்தத்தில் கையை விட்டுத் துழாவும்போது
முதலில்
என்ன இது என்றுதான் தோன்றும்.